ஐம்பத்தெட்டாம் நிமிடம்

செப்டம்பர் 18, ஞாயிறு. மாலே.

காலை ஆறரைக்கு என் மனைவி புளோரி தன் போனைக் கோயில் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டாள். எங்கள் ஊர் சின்னத்துறையில் நடந்த பூசையை மாலத்தீவில் நான்காவது மாடி அறையில், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். பிரசங்கத்தின் பாதியில் யாருடைய சேலையோ போனை மறைத்தது. அதற்குப் பிறகு காதால் மட்டும் பூசை.

பிறகு துணி. கிளப்பின் வாஷிங் மெஷின் சுற்றுகிறது, பிழிவதில்லை. துணி துவைக்கிறவர் லீவில் இருக்கிறார். பத்தொன்பது பயிற்சிச் சட்டைகளைக் கையால் பிழிந்து மொட்டை மாடியில் காயப்போட்டேன். அடையாள அட்டையில் ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்று போட்டிருக்கிறது.

நிலவரம்: பத்து அணிகளில் எங்கள் கந்து கிளப்புக்கு ஒன்பதாவது இடம். கடைசி இரண்டு அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். மூன்று ஆட்டம் பாக்கி. இறங்கினால் என் ஒப்பந்தம் அத்துடன் முடியும். தப்பித்தால் இன்னும் இரண்டு வருடம். கிளப் தலைவரின் பெயர் ஹஸன் மனிக்கு. அவர் இதை மூன்று தடவை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

எனக்கு நாற்பத்து நான்கு வயது. பதினான்கு வருடம் டிஃபெண்டராக ஆடினேன். சென்னையில் ஒரு வங்கி அணி, பிறகு கோவா, பிறகு கொல்கத்தாவில் ஆறு வருடம். முட்டி போனபின் பயிற்சியாளர் படிப்பு. ஊரில் கூப்பிட ஆளில்லாமல் முதலில் பூட்டான், இப்போது இங்கே. தினமும் எழுது என்று அந்தப் படிப்பில் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 20, செவ்வாய்.

கார்னர் பயிற்சி ஒன்றரை மணி நேரம். இரண்டு நடு டிஃபெண்டர்களில் ஒருவனுக்கு மஞ்சள் அட்டை சேர்ந்து அடுத்த ஆட்டம் தடை. மிச்சம் இருப்பவன் சிமாத் மட்டும்.

செப்டம்பர் 23, வெள்ளி.

மழை. மைதானம் முழுக்கத் தண்ணீர். பயிற்சி ரத்து. சிமாத் என் அறைக்கு வந்தான். இருபத்து நான்கு வயது, தெற்கே ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தவன். அணியிலேயே குறைவாகப் பேசுகிறவன் அவன்தான். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சத்துக்குக் கை. எங்கள் பேச்சு இப்படித்தான் ஓடும். கஞ்சியும் சுட்ட சூரை மீனும் கொடுத்தேன். தேங்காய்த் துவையலை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினான்.

“கோச், அந்தப் படம் எடுத்த அன்னைக்கு உங்களுக்கு வலிக்கலையா?” என்று கேட்டான்.

கொல்கத்தா இறுதி ஆட்டத்தின் படம். தலையைச் சுற்றிக் கட்டு, கட்டின் மேல் ரத்தம், நான் பந்தைத் தலையால் தள்ளிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் அங்கே எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. என்னை இங்கே அறிமுகப்படுத்திய அன்று மனிக்கு அதைத்தான் பெரிதாக அச்சடித்து மேடையில் வைத்திருந்தார். என் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

“வலி இருந்தது. வெளியே போனால் கப்பும் போயிருக்கும்” என்றேன். கடைசி நாற்பது நிமிடம் எப்படி ஆடினேன் என்று ஒவ்வொரு பந்தாகச் சொன்னேன். எத்தனையோ அணிகளுக்குச் சொன்ன கதை. அவன் துவையல் விரலோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 24, சனி.

ஜெயித்துவிட்டோம்! 1-0. அப்பாடா. எட்டாவது இடம். மார்பில் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போயிற்று.

முப்பத்து மூன்றாம் நிமிடத்தில் கோல். அதன் பிறகு முழுக்கத் தடுப்பு. ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில் ஒரு கார்னரில் சிமாத்தும் எதிரணிக்காரனும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். எதிரணிக்காரனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம். லீக் டாக்டர் அவனைக் கவனித்தார். சிமாத்துக்கு ரத்தம் இல்லை. எங்கள் பிசியோ கோகிலவாணி உள்ளே போய்ப் பார்த்தாள். ஆடலாம் என்று சொன்னாள். அவன் கடைசிவரை ஆடினான். எண்பத்தைந்தாம் நிமிடத்தில் கோல் கோட்டின் மேலிருந்து ஒரு பந்தை எடுத்து வெளியே அடித்தான். அதுதான் மூன்று புள்ளி.

உடை மாற்றும் அறையில் பாட்டு. சிமாத் வாந்தி எடுத்தானாம். வெயில் அதிகம்தான்.

ஏழு மணி. மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். சிமாத்துக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். உள்ளே கொண்டுபோகிறார்கள்.

செப்டம்பர் 25, ஞாயிறு.

அறுவை சிகிச்சை முடிந்தது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தேங்கியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டோம், இனி காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். “இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால்” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வாந்திக்குப் பிறகு சிமாத் பெஞ்சில் படுத்தான். தூங்குகிறான் என்று நினைத்தோம். கோகிலா போய் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். ஒரு கண்ணின் பாவை பெரிதாக இருந்தது. ஆம்புலன்ஸ் எங்கோ சந்தில் மாட்டிக்கொண்டது. மாலேயின் தெருக்களில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே நின்றுவிடும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நல்ல முட்டியும் கெட்ட முட்டியும் அப்போது தெரியவில்லை. தெருமுனையில் தண்ணீர் கேன் ஏற்றும் ஒரு வண்டிக்காரர் கேன்களை இறக்கிப்போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

மதியம் அவன் அம்மா சகீனா ஸ்பீட் போட்டில் வந்து சேர்ந்தார். கணவரின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் நான்கு வருடம் இருந்தவர். நல்ல மலையாளம் பேசுகிறார். எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எனக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. யாரோ அவரிடம் நான் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லியிருக்கிறார்கள். நேரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

“என் பிள்ளையைச் சுமந்துட்டு ஓடின கை இதுதானா?”

கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் காப்பி வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனேன்.

செப்டம்பர் 26, திங்கள்.

கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 27, செவ்வாய்.

திறந்துவிட்டான்! காலை பத்தேகாலுக்கு. குழாயை எடுத்ததும் முதலில் தண்ணீர் கேட்டான், பிறகு அம்மாவை. இரண்டு கையையும் இரண்டு காலையும் தூக்கச் சொன்னார் டாக்டர். நான்கும் எழுந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியில் கோகிலா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கோபிசெட்டிபாளையத்துப் பெண். இருபத்தேழு வயது. வெளிநாட்டில் முதல் வேலை. “பொழச்சுட்டானுங்க சார்” என்றாள். “பொழச்சுட்டான்” என்றேன். அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு அப்போது மனிக்குவிடமிருந்து போன் வந்தது. நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 28, புதன்.

மனிக்கு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். லீக் கமிட்டி விசாரணை திங்கட்கிழமை. அதற்கு என் வாக்குமூலத்தை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒரே பத்தி. ‘ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில் பிசியோ பரிசோதித்து, ஆட்டக்காரர் தொடரலாம் என்று தெரிவித்தார். பயிற்சியாளர் அதன்படி நடந்துகொண்டார்.’

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க என்கிட்ட சொன்னதுதானே? கையெழுத்து மட்டும் போடுங்க. அந்தப் பொண்ணு புதுசு, தெரியாம செஞ்சுட்டா. வீட்டுக்கு அனுப்பிடுவோம். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, கோச்.”

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

மாலையில் ஃபிரிட்ஜைத் துடைத்தேன். ஒரு எலுமிச்சை கல்லாகியிருந்தது. பயிற்சிச் சட்டைகளை மடித்து எண் வரிசையில் அடுக்கினேன். சிமாத்தின் ஐந்தாம் எண் சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் போட்டேன்.

புளோரி கூப்பிட்டாள்.

“அந்தப் பையன் எப்பிடி இருக்கான்?”

“கஞ்சி குடிச்சானாம்.”

“மாதாவே! பின்ன எதுக்கு ஒங்க சத்தம் இப்பிடி கெடக்கு?”

“ஒண்ணும் இல்ல. களைப்பு.”

“அந்த பிசியோ பொண்ணு அன்னைக்கு என்ன சொல்லிச்சு? பேப்பர்ல போட்டிருக்காம். அது ஆடலாம்னு சொன்னதாம்லா?”

சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 29, வியாழன்.

கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

செப்டம்பர் 30, வெள்ளி.

இன்று நீளமாக எழுத வேண்டும்.

நாலரை மணிக்குக் கோகிலா பயிற்சி மைதானத்துக்கு வந்தாள். மருந்துப் பெட்டியின் சாவியைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். சாவியை என் கையில் தராமல் பெஞ்சின் மேல் வைத்தாள்.

“ஐஸ் பேக் அடித் தட்டுல இருக்குதுங்க சார். கோல் கீப்பருக்கு எடது தோளு டேப் சுத்தணும், மறந்துராதீங்க.”

“கோகிலா, கமிட்டிக்கு நீ என்ன எழுதிக் கொடுத்தே?”

“பரிசோதிச்சேன்னு எழுதுனனுங்க. அவ்வளவுதான்.”

“நீ சொன்னதை எழுதலையா?”

அவள் மைதானத்தைப் பார்த்தாள். “எழுதுனா யாருங்க சார் நம்புவாங்க? உங்க படம் ஆபீஸ் சுவத்துல இருக்குது. நானு வந்து எட்டு மாசம் ஆவுது. கோச்சுக்கு எதிரா எழுதுன பிசியோன்னு பேரு வாங்கிட்டா அப்புறம் எந்தக் கிளப்புல சேத்துவாங்க? அம்மாகிட்ட கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு சொல்லிக்கறனுங்க.”

பிறகு அவளே சொன்னாள்: “நானு அன்னைக்கு இன்னும் சத்தமா கத்தியிருக்கோணும். அதுதான் தூக்கமே வர மாட்டேங்குது.”

அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம். அவளுக்கு.

24ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வரி பொய். ‘ஆடலாம் என்று சொன்னாள்’ என்பது. என் நோட்டு, என்னைத் தவிர யாரும் திறக்காதது. அதிலும் பொய் எழுதினேன். அதே பொய்யை அன்று மருத்துவமனை வராந்தாவில் மனிக்குவிடம் சொன்னேன். அவர் தட்டச்சு செய்து வைத்திருந்தது என் வாக்கியம்தான்.

நடந்தது இது. மோதிய உடனே கோகிலா உள்ளே ஓடினாள். அவனை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் சுழற்றி, ஆளை மாற்றுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினாள். நான் கோட்டுக்கு அருகே போனேன். “வேண்டாங்க சார், வெளிய எடுத்துருங்க. கண்ணு ஒரு மாதிரி இருக்குது” என்றாள். பெஞ்சில் இன்னொரு நடு டிஃபெண்டர் இல்லை. சிமாத்தைப் பார்த்து, “ஸ்கோர் என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணு சைபர்” என்றான். “பாரு, தெளிவா இருக்கான்” என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எழுபதாம் நிமிடம். நாங்கள் எறிய வேண்டிய பந்து, அவன் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கோகிலா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “சார், அவன் நடக்கறதப் பாருங்க சார்.” நான் “உட்காரு” என்றேன். இரண்டு தடவை “உட்காரு” என்றேன்.

அதற்குப் பிறகு சிமாத் பெஞ்சைப் பார்த்தான். தலையின் இடப்பக்கத்தைக் கையால் தொட்டுக் காட்டினான். நான் என் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினேன்.

அவன் தலையாட்டிவிட்டு ஆடப் போனான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்தக் கொல்கத்தா ஆட்டத்தின் கடைசி நாற்பது நிமிடம் எனக்கு நினைவில்லை. ஒரு பந்துகூட இல்லை. தலையில் கட்டுப் போட்டது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது மருத்துவமனை மின்விசிறி. நடுவில் உள்ளதெல்லாம் பத்திரிகையில் படித்ததும் கூட ஆடியவர்கள் சொன்னதும். பதினாறு வருடமாக அதை என் நினைவு போலச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புளோரிக்கும் தெரியாது. வலித்ததா என்று சிமாத் கேட்டான். வலித்ததா என்று எனக்குத் தெரியாது.

மனிக்கு தந்த வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 1, சனி.

கமிட்டிக்குச் சொல்வதற்கு முன் சகீனா தத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இங்கே அக்காவைத் தத்தா என்கிறார்கள். ஐசியூவுக்கு வெளியே பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

“தத்தா, அவனை வெளியே எடுக்கச் சொல்லி பிசியோ இரண்டு தடவை சொன்னா. நான் கேட்கல.”

அவர் உரிப்பதை நிறுத்தினார்.

“அவனும் தலையைத் தொட்டுக் காட்டினான்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

“ஆடச் சொன்னேன்.”

ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்துபோனார். தத்தா ஆரஞ்சைத் தோலோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றினார்.

“தூக்கிட்டு ஓடினது நீங்கதானே?”

“ஆமா.”

“ரெண்டையும் என்னால ஒண்ணா வெச்சுப் பார்க்க முடியல. நாளைக்கு வராதீங்க. அவன் எழுந்து நடக்கட்டும். அப்புறம் அவன்கிட்ட உங்க வாயாலேயே சொல்லுங்க.”

வராந்தா முழுக்க நடந்து வெளியே வந்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பசித்தது. முனைக் கடையில் நின்றுகொண்டே இரண்டு மீன் ரொட்டி சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, திங்கள்.

கமிட்டி. நீளமான மேசை, ஐந்து பேர். மனிக்கு என் பக்கத்தில். கோகிலா சுவரோரம் தனியாக ஒரு நாற்காலியில்.

எழுதிக் கொண்டுவரவில்லை, சொல்கிறேன் என்றேன். முப்பதாம் தேதி இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். தழும்பைத் தொட்டதையும் சொன்னேன். படத்தைப் பற்றியும் சொன்னேன். அது எதற்கு என்று ஒருவர் கேட்டார். “அதை வைத்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அதைக் காட்டித்தான் அவனை ஆடவைத்தேன்” என்றேன்.

தலைமை வகித்தவர் கோகிலாவைப் பார்த்து, “இது சரியா?” என்றார்.

“சரிதானுங்க” என்றாள் தமிழிலேயே. பிறகு சுதாரித்து இங்கிலீஷில் சொன்னாள்.

வெளியே வந்ததும் மனிக்கு கேட்டார்: “உங்களை யாராவது கேட்டாங்களா? படத்தைப் பத்தி உங்களை யாராவது கேட்டாங்களா, கோச்?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

மழை வரும்போல இருக்கிறது, மாடியில் சட்டை காய்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 6, வியாழன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு மாதம் நான் எந்த அணியின் பெஞ்சிலும் உட்காரக் கூடாது. கிளப் என் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. கோகிலா வேலையில் தொடர்கிறாள். தலையில் அடி என்றால் இனி பிசியோ சொல்வதே முடிவு என்றும் கமிட்டி எழுதியிருக்கிறது.

சாவியைக் கோகிலாவிடம் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொண்டாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததே சரி. நான்தான் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டுட்டனுங்க சார்” என்றாள். பிறகு என் முட்டியைப் பார்த்து, “வீங்கியிருக்குதே, ஓடுனதுல இருந்தா? உக்காருங்க” என்று சொல்லி ஐஸ் வைத்துக் கட்டிவிட்டாள். உட்காரு என்று அவள் சொன்னாள், உட்கார்ந்தேன்.

புளோரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொல்கத்தா மின்விசிறி வரை. அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லை.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன். அந்தப் படத்தைப் பாத்துல்லா எனக்க அப்பா ஒங்களுக்கு என்னைக் கெட்டிக் குடுத்தது.”

“ம்.”

“எனக்கு அப்பவே அந்தப் படம் பிடிக்காது, கேட்டியளா? முகத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கும். சொன்னா வருத்தப்படுவியன்னு சொல்லல.” மூக்கைச் சிந்தினாள். “அப்ப ஊருக்கு வாரியளா?”

“வேலை போயிட்டு, புளோரி.”

“அது கேட்டாச்சு. வாரியளான்னு கேட்டேன்.”

“வாரேன்.”

“எந்த விமானம்னு சொல்லுங்க. திருவந்தரத்துக்கு நான் வாரேன்” என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவள் முயலவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 9, ஞாயிறு.

கடைசி ஆட்டத்தில் டிரா. கந்து கிளப் தப்பித்துவிட்டது. டிக்கெட் வாங்கி மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். துணைப் பயிற்சியாளர் நான் செய்திருக்க மாட்டாத மாற்றம் ஒன்று செய்தார். அதனால்தான் தப்பித்தார்கள்.

அக்டோபர் 11, செவ்வாய்.

சிமாத் வீட்டுக்குப் போகிறான் என்று தத்தா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். படகுத்துறையில் காத்திருந்தேன். மொட்டையடித்த தலையில் காதுக்கு மேலே வளைவாகத் தையல். மெலிந்திருந்தான். யாரையும் பிடிக்காமல் தானே நடந்து வந்தான். தத்தா பைகளோடு படகில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“எனக்கு அந்த ஆட்டம் ஞாபகமே இல்ல, கோச். ஜெயிச்சோமாம்.”

“ஜெயிச்சோம்.”

“அம்மா சொல்லிட்டாங்க. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். இப்போது நான்காவது முறை சொல்கிறேன். இதுதான் கஷ்டமாக இருந்தது. எண்பத்தைந்தாம் நிமிடத்தில் அவன் எடுத்த பந்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது விலை பேசுவது மாதிரி இருந்திருக்கும்.

அவன் கேட்டு முடித்தான்.

“பந்தைத் தலையால தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இனிமே எப்பவும். தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு உங்க மேல ரொம்பக் கோபமா இருக்கு. நீங்க தூக்கிட்டு ஓடினீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்காக என் கோபம் போகல. போகுமான்னும் தெரியல. நான் தலையைத் தொட்டுக் காட்டினேன், நீங்க பார்த்தீங்க. என்னால ஆட முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்குப் பயமா இருந்திருக்கும். அதை நீங்க தெரிஞ்சிருக்கணும், கோச்.”

“தெரிஞ்சிருக்கணும்” என்றேன்.

“உங்களைக் கட்டிப்பிடிக்க மாட்டேன்.”

“வேண்டாம்.”

படகில் ஏறும்போது ஒரு கணம் தடுமாறினான். படகுக்காரர் கை நீட்டினார். அதைப் பிடிக்காமல் நின்று நிதானித்து, தானே காலெடுத்து வைத்தான். படகு திரும்பி, துறைமுகச் சுவரைத் தாண்டிப் போயிற்று.

திரும்பி நடக்கும்போது ஒரு ஸ்கூட்டர்காரன் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பான். அழுதுகொண்டு சிரித்தேன். பதினைந்து நாளுக்கு முன் குழாயும் கண்ணாடியுமாகக் கிடந்தவன். இன்று ஒரு வாக்கியம் விடாமல், ஒரு சொல் குழறாமல், ஒழுங்காகக் கோர்த்து என்னைத் திட்டினான். அணியிலேயே குறைவாகப் பேசுகிறவன். அவனிடமிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

நவம்பர் 20, ஞாயிறு. சின்னத்துறை.

வீட்டுக்கு வந்து ஐந்து வாரம். இடையில் எழுதத் தோன்றவில்லை. சமையலறைக் கூரை ஓடுகளை மாற்றினேன். புளோரியோடு தினமும் மீன் வாங்கப் போகிறேன். ஏலம் போடுகிற பெண்கள் என்னை “கோச்சே” என்று கூப்பிட்டுச் சின்ன மீனைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். புளோரி விடுவதில்லை. தடை ஏப்ரலில் முடிகிறது. அதன்பின் என்ன என்று இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

இன்று பூசை முடிந்து வந்து மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். போன் அடித்தது. மாலத்தீவு எண். எடுத்தால் சிமாத். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில்:

“கோச், ஒரு சந்தேகம். எங்க தீவுப் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க டீம் ஒண்ணு. பதினாலு பேர். என்னைச் சொல்லித்தரச் சொல்லியிருக்காங்க. ஓரத்துல இருந்து பந்து உயரமா வந்தா எல்லாரும் தலையை நீட்டுறாங்க. எனக்குப் பார்க்கவே முடியல. தலையே வைக்காம டிஃபென்ஸ் பண்ண முடியுமா, முடியாதா?”

தண்ணீர் குடித்துவிட்டு, “முடியும்” என்றேன். “பந்து தலை உயரத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்தாத்தான் தலை வேணும். பந்து கிளம்புற இடத்துலேயே தடுக்கணும். ஓரத்துல நிக்கிற உன் ஆள், பந்தை அடிக்கிறவகிட்ட இருந்து எத்தனை அடி தள்ளி நிக்குது?”

“ஆறு, ஏழு இருக்கும்.”

“அதுதான் தப்பு. ரெண்டு அடிக்கு வரச் சொல்லு. பேப்பர் இருக்கா?”

“இருக்கு. எழுதுறேன்.”

அவனுக்குச் சரியாகச் சொல்ல எனக்கு இடங்கள் கண்ணில் பட வேண்டியிருந்தது. மேசையிலிருந்த டம்ளர்களை வரிசையாக நிறுத்தினேன். ஊறுகாய் பாட்டில் கோல் கீப்பர். புளோரியின் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து வலது ஓரத்தில் ரைட் பேக்காக வைத்தேன். அவன் கேட்டான், நான் நகர்த்தினேன், அவன் மறுத்தான், நான் யோசித்து மாற்றினேன். ஓரிடத்தில் அவன் சொன்னதுதான் சரி. அப்படியே ஒப்புக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஓடியது. அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“நாளைக்கு இதை ஆடிப் பார்த்துட்டுக் கூப்பிடுறேன். இன்னும் நிறைய சந்தேகம் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டான்.

போனைக் கீழே வைத்தேன். சோறு ஆறியிருந்தது. புளோரி மேசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்க அப்பளம்?” என்றாள்.

ரைட் பேக்கை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.